பேட்டரி வெடித்த முற்பகல்

வண்டிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். "ஏனுங்கண்ணா, வெறும் பன்னெண்டு வோல்ட்டு. கைய வெச்சாக்கூட ஷாக் அடிக்காது. அதுக்குப் போயி கண்ணாடி போடு, மோதிரத்தக் கழட்டுன்னு இத்தன சொல்றீங்களே?"

கேள்வியில் தப்பில்லை. பன்னிரண்டு வோல்ட் யாரையும் தூக்கி எறியாது. ஆனால், விடிகாலைப் பனியில் கல் மாதிரி இறுகிக் கிடக்கிற டீசல் எஞ்சினை ஒரே உலுக்கில் எழுப்பிவிடுவது அந்தப் பெட்டிதான். ஷெட்டில் இத்தனை வருடம் இருந்தும் ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் எனக்கு அது ஆச்சரியம்தான். அவ்வளவு பலம் அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் போதும், இரும்பு பழுக்கக் காய்ந்துவிடும். நடுவில் உங்கள் மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலோடு சேர்ந்து காயும். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாக மாறுகிறது. நிறமில்லை, வாசனையில்லை. ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

இதையெல்லாம் நான் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவீர்கள். அதனால் மயில்சாமிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் கடைசியில், திருப்பூரில் தினமும் மின்வெட்டு இருந்த காலம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் வண்டிகளுக்குப் பொறுப்பாளன். வளாகத்தின் ஒரு பக்கம் சாயப்பட்டறை, எதிர்ப்பக்கம் செக்கிங்கும் பேக்கிங்கும். நடுவில் பெரிய முற்றம், அதன் மூலையில் எங்கள் ஷெட். மயில்சாமி சேவூர்க்காரர். முப்பது வயதிருக்கும். எங்களிடம் இருந்த டிரைவர்களில் நிதானமானவர் என்று பெயரெடுத்தவர். வேனை அவர் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தால் பின்னால் கண் இருக்கிறதோ என்று தோன்றும்.

அன்றைக்கு அவர் வேனின் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. காலையில் அதைக் கழற்றி, ஷெட்டுக்குள் மர பெஞ்சின்மேல் வைத்து சார்ஜரில் மாட்டினோம். நன்றாகக் கொதித்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஆனால் ஜெனரேட்டர் இணைப்பு பட்டறைக்கும் செக்கிங்குக்கும்தான், ஷெட்டுக்கு இல்லை. சார்ஜரின் முள் படுத்துவிட்டதை மயில்சாமி பார்த்திருக்கிறார். சுவிட்ச் போட்டது போட்டபடியே இருந்தது.

முற்பகலில் பேக்கிங்கிலிருந்து அவசரம் வந்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னரில் கடைசிப் பெட்டிகள் சிலவற்றை ஏற்ற வேண்டும், வேன் உடனே வேண்டும் என்றார்கள். இதுவரை ஏறிய சார்ஜ் போதும், வண்டி கிளம்பிவிடும் என்று மயில்சாமி ஷெட்டுக்குப் போனார்.

அவர் போவதற்குச் சற்று முன்னால் கரண்ட் திரும்ப வந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. ஜெனரேட்டரை இன்னும் நிறுத்தாததால் அந்த உறுமல் அப்படியே இருந்தது. நல்ல வெயில், ஷெட்டில் யாரும் பல்பு போட்டிருக்கவில்லை. படுத்திருந்த முள் எழுந்து நின்றதை அவர் மறுபடி பார்க்கவில்லை. கரண்ட் இல்லை என்ற நினைப்பிலேயே பேட்டரியின்மேல் குனிந்து, இறுக்கமாகக் கவ்வியிருந்த சார்ஜர் கிளிப்பை அசைத்து அசைத்து இழுத்தார். கரண்ட் ஓடும்போது கிளிப் விலகினால் பொறி பறக்கும்.

நான் முற்றத்தில் மேனேஜர் காரின் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தேன். கார்ச் சாவி என் பையில் இருந்தது. பெரிய லாரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு கணம், அந்த ஜெனரேட்டர் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

ஓடினேன். ஷெட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். கை தானாகப் போனது. பெஞ்சின்மேல் பேட்டரியின் மேல்மூடி இல்லை. உள்ளே ஈயத் தகடுகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. மூடியின் ஒரு துண்டு எதிர்ச் சுவரில் மோதிக் கீழே கிடந்தது. மயில்சாமி தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தார்.

"கண்ணு... கண்ணு தெரியலீங்கண்ணா..."

அவரை அணைத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தேன். முகமெல்லாம் நனைந்திருந்தது, சட்டையும்தான். அது தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்போது முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "தேய்க்க விடாதீங்க! கையப் புடிங்க!"

சாயப்பட்டறை லேபின் எஸ்தர். தாராபுரம் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். சாயக் கலவைகளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. ஆசிட், காஸ்டிக் எல்லாம் தினமும் புழங்குகிற இடம் அது. டிரைவர்களோடு அவருக்குப் பேச்சே கிடையாது. வேன் வரும்போது முற்றத்தைக் கடந்தால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார். அன்றைக்கு செருப்பைக்கூடப் போடாமல் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் ஓடிவந்தார்.

துணி டிராலி கழுவுகிற ஹோஸ் குழாய் ஷெட்டுக்கு வெளியேதான் கிடந்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "தண்ணி வேகமா அடிக்கப்படாதுங்க. பாதி வால்வு போதும். கண்ணு ஓரத்துல விட்டா அந்தப் பக்கம் ஓடோணும்." மயில்சாமியைப் படுக்கவைத்துத் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். சட்டையைக் கிழித்து எடுக்கச் சொன்னார். பின்பு தன் விரல்களால் மயில்சாமியின் இமைகளை விரித்தார்.

விரிப்பது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். எரிகிற கண் உலகத்தில் எதற்கும் திறக்காது. மயில்சாமி முழு பலத்தோடு மூடிக்கொண்டார். உடம்பு முறுக்கியது, கால் உதைத்தது. பேக்கிங் ஆட்கள் இரண்டு பேர் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். எஸ்தர் விடவில்லை.

"தம்பி, எரியும். எரிஞ்சாலும் தொறக்கோணும். என்ற பேச்சுக் கேக்குதா? மேல பாருங்க. இப்பக் கீழ பாருங்க. இன்னொருக்கா மேல. அவ்வளவுதான் சாமி, அவ்வளவுதான்."

அதட்டலும் இல்லை, பதற்றமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மேல பாருங்க, கீழ பாருங்க. அவர் குரல் ஒரு இம்மிகூட நடுங்கவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. டையிங் மாஸ்டர் ஒரு மக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனிதர், அன்றைக்கு அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. "எஸ்தரு, சோடா கரச்சுக் கொண்டாந்திருக்கேன். ஆசிடுக்கு இத ஊத்துனா அடங்கீரும். பட்டறைல நாம செய்யறதுதானுங்களே?"

"அது தரைக்கு, மாஸ்டர். கண்ணுக்கு வேண்டாமுங்க. கண்ணுக்குள்ள ரெண்டும் சேந்தா சூடு கெளம்பும். வெறுந்தண்ணி மட்டுந்தான்."

மாஸ்டர் அந்த மக்கைக் கீழே வைத்துவிட்டுக் கால்களைப் பிடிக்கப் போனார்.

அடுத்து மேனேஜர். அவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்த காட்சி இதுதான்: கண் போய்க்கொண்டிருக்கிற ஒருவரை முற்றத்தில் படுக்கவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் கத்தியதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள்.

"என்னங்க பண்ணிட்டு இருக்கறீங்க? கார எடுங்க! தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் பறங்க! சாவி யார்கிட்ட?"

சாவி என்னிடம்தான் இருந்தது. மயில்சாமியும் கெஞ்சினார். "அண்ணா, விடச் சொல்லுங்கண்ணா. தாங்க முடியலீங்க. ஆஸ்பத்திரி போலாமுங்க..."

நான் எஸ்தரைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. விரல்கள் இமையிலேயே இருந்தன. "இப்பத் தூக்குனா போற வழியெல்லாம் ஆசிட் உள்ள தின்னுட்டே போகும்" என்றார். "சிக்னல்ல நிக்கற நேரமெல்லாம் தின்னும். கொஞ்ச நேரம் குடுங்க. நான் சொல்றப்பக் கெளம்பலாமுங்க."

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நேரம் வரலாம். ஒரு பக்கம் எல்லாரும் ஓடு ஓடு என்பார்கள். ஓடுவதுதான் அக்கறை மாதிரி தெரியும். நின்று செய்வது கல்நெஞ்சு மாதிரி தெரியும். நான் மருத்துவம் படித்தவனில்லை. ஆனால் பேட்டரித் தண்ணீர் கையில் தெறித்தால் உடனே கழுவினால் தோல் பிழைக்கும், துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தால் வெந்துபோகும் என்பதை என் தோலிலேயே கண்டவன். கண்ணுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்காது என்று பட்டது.

"அந்தம்மா சொல்ற வரைக்கும் வண்டி கெளம்பாதுங்க" என்றேன் மேனேஜரிடம்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லத் தொடங்கினார்.

அப்போதுதான் ஹோஸ் இருமியது. தண்ணீர் மெலிந்தது, காற்றும் துளியுமாகத் துப்பியது, நின்றுவிட்டது. தொட்டி காலி. எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில் வருவது உங்களுக்குத் தெரியும். அன்றைய லாரி இன்னும் வரவில்லை. பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரெல்லாம் சாயத் தண்ணீர்.

முதல்தடவையாக எஸ்தர் தலையை நிமிர்த்தினார். "தண்ணி!" என்றார். அந்த ஒரு சொல்தான் கத்தலாக வந்தது. "குடிக்கற தண்ணி, எதுவா இருந்தாலும்! கொண்டாங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

செக்கிங் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள், மேஜைக்கு அடியில் வைத்திருப்பார்கள். பொழுதுக்கும் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு அன்றைய தாகத்துக்கு இருப்பது அதுதான். அத்தனை பாட்டிலும் முற்றத்துக்கு வந்தன. பச்சை மூடி, சிவப்பு மூடி, கூல்டிரிங்ஸ் பாட்டில், குழந்தையின் பள்ளிக்கூடப் பாட்டில். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். நான் வாங்கி ஊற்றினேன். ஒன்று தீரும் முன் அடுத்தது கையில் இருந்தது. தண்ணீர்த் தாரை ஒரு கணம்கூட அறுபடவில்லை.

பேக்கிங்கில் ஒரிசாப் பையன்கள் சிலர் இருந்தார்கள். தமிழ் அதிகம் வராது. அவர்களில் உயரமான ஒருவர் கேண்டீனிலிருந்து முழு தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "பானி! பானி லோ!" என்று கூவிக்கொண்டே வந்தவருக்குக் கூட்டம் பிளந்து வழிவிட்டது. கேனை மார்போடு அணைத்து, எஸ்தர் காட்டிய அளவுக்குச் சாய்த்து, அசையாமல் நின்றார். கனம் தாங்காமல் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தாரை மட்டும் நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

பெண்களில் யாரோ "முருகா, முருகா" என்றார்கள். எஸ்தரின் உதடும் அசைந்தது, அவர் எந்த ஜெபத்தைச் சொன்னாரோ. ஜெனரேட்டரும் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மற்றபடி முற்றத்தில் தண்ணீர் சத்தமும், மேல பாருங்க கீழ பாருங்க என்ற அந்தக் குரலும்தான். நூற்றுக்கணக்கான பேர் நிற்கிற இடம் அப்படி அமைதியாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் கணக்கில் அது ஒரு முழுப் பகல். மயில்சாமியின் கால்கள் உதைப்பதை நிறுத்தின. பிடித்திருந்தவர்கள் விட்டார்கள்.

"வெளிச்சம் தெரியுதுங்க" என்றார் அவர். "தண்ணிக்குள்ள வெளிச்சமாத் தெரியுது. யாரோ குனிஞ்சு பாக்கறாங்க."

"நாந்தான் தம்பி பாக்கறேன்" என்றார் எஸ்தர். பிறகு என்னிடம், "இப்பப் போலாமுங்க. மிச்சமிருக்கற பாட்டிலெல்லாம் கார்ல எடுத்துக்கலாம். ஊத்திட்டே போலாம்."

கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே போனோம். காரின் பின்சீட் குளமாகிவிட்டது. அதைப் பற்றி மேனேஜர் அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒரு வார்த்தை கேட்டதில்லை. டாக்டரம்மா கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "யார் கழுவினது?" என்றார். எஸ்தரைக் காட்டினேன். "இங்க வந்ததும் நாங்க செய்யறத நீங்க அங்கயே செஞ்சுட்டீங்க. நேரா இங்க ஓடி வந்திருந்தீங்கன்னா, காப்பாத்தறதுக்கு எனக்கு ஒண்ணும் மிச்சமிருந்திருக்காது" என்றார்.

வலது கண்ணுக்குச் சேதமில்லை. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு மெல்லிய தழும்பு, பார்வைக்குக் குறுக்கே வராத இடத்தில். கன்னத்திலும் கழுத்திலும் தோல் உரிந்து ஆறியது.

வராந்தாவில் எஸ்தருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் சிவந்து தடித்திருந்தன. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி உதறியது, டீ புடவையில் சிந்தியது.

"உங்களுக்குப் பயமே வரலீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க வராம இருக்கும்? அவரு கெஞ்சறப்ப, சரி தூக்குங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதான் மேல பாருங்க கீழ பாருங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். வேற பேச்சு வந்துரக் கூடாதுன்னுதான்." சொல்லிவிட்டு அங்கேயே அழுதார். நான் டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குரல் நடுங்கவில்லை என்று அதுவரை வியந்துகொண்டிருந்தேன். உள்ளே அவ்வளவு நடுக்கத்தை வைத்துக்கொண்டு குரலை அப்படி நிறுத்தியவர் என்று தெரிந்தபோது, எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் சில பழக்கங்கள் வந்தன. நான் இங்கேயும் கொண்டுவந்த அவைதான் இப்போது உங்களுக்குத் தொந்தரவாகத் தெரிபவை. கரண்ட் போனால் சார்ஜர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கிளிப்பைத் தொடும் முன் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், நினைவால் பார்க்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பீடி சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. பேட்டரிக்குள் டிஸ்டில்டு வாட்டர் குறைய விடக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான் கிட்டப் போக வேண்டும், முகத்தை அதன்மேல் நீட்டக் கூடாது. நம் ஷெட் வாசலில் நீங்கள் பார்க்கிற அந்தத் தனித் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஒரு சொட்டுகூட வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பதும் அன்றைக்குப் பிறகு வந்ததுதான்.

மயில்சாமி சில மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பினார். வண்டி ஓட்டுவதில் பழைய நிதானம் அப்படியே இருந்தது. ஆனால் பானெட்டைத் திறக்கமாட்டார். எண்ணெய் பார்க்கக்கூட வேறு யாரையாவது கூப்பிடுவார். ஷெட்டுக்குள் வருவதே இல்லை, வாசலோடு நின்று சாவியை வாங்கிக்கொள்வார். யாரும் கேலி செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் வேனின் பேட்டரி மறுபடி இறங்கிவிட்டது. சார்ஜில் போட்டிருந்தோம். ஏறி முடிந்ததும் கழற்ற நான் பெஞ்சை நோக்கிப் போனேன். பின்னால் காலடி கேட்டது.

"அண்ணா, நானே எடுக்கறனுங்க."

திரும்பிப் பார்த்தேன். மயில்சாமி வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார். கையுறை போட்டார். இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கித் தரையில் வைத்தார். சார்ஜர் முள்ளைப் பார்த்தார். பிறகு, வாயு கலைவதற்காகவோ மனசு அடங்குவதற்காகவோ, கதவோரம் போய் நெடுநேரம் நின்றார்.

திரும்பி வந்தார். முகத்தை ஒதுக்கிக் கையை நீட்டினார். ஒரு கிளிப். அடுத்த கிளிப். இரண்டும் சத்தமில்லாமல் வந்துவிட்டன.

கழற்றிய கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மூச்சை விட்டார். அப்போதுதான் நானும் விட்டேன். பேட்டரியைத் தூக்கிப்போய், அவரே பானெட்டைத் திறந்து, அவரே வேனில் பொருத்தினார். முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது.

கண்ணாடியைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"எங்கீங்க போகோணும்?"

"காங்கேயம்" என்றேன்.

"சரீங்க" என்று கியரைப் போட்டார்.